அப்பாவுக்குக் குடல் புற்றுநோய், பெருந்தமனியிலும் வீக்கம்: எதை முதலில் பார்ப்பது?

மதுரைக்காரன்: அப்பாவுக்கு 71 வயது. மலத்தில் ரத்தம் போகிறதே என்று கொலோனோஸ்கோபி செய்ததில் பெருங்குடலின் இடது பக்கம் புற்றுநோய் என்று வந்தது, பரவியிருக்கிறதா என்று பார்க்க சி.டி. எடுத்தால் வயிற்றுப் பெருந்தமனி 6.2 செ.மீ. வீங்கியிருக்கிறதாம். குடல் சர்ஜன் முதலில் வீக்கத்தைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்கிறார். சித்தப்பாவோ ஒரேயடியாக வயிற்றைத் திறந்து இரண்டையும் முடித்தால் என்ன என்கிறார்.

நாளம்: ரத்தநாள சர்ஜன் நான். சித்தப்பா சொல்வது போலவும் செய்ததுண்டு. ஆனால் குடலை வெட்டும்போது கிருமி பக்கத்திலேயே வீங்கிய தமனிக்குப் பதிலாகப் புதிதாகத் தைத்த செயற்கைக் குழாயில் தொற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தாலே சரிசெய்ய யோசிப்போம், 6.2 என்றால் வெடித்துவிடும் அபாயம் அதிகம், விட்டுவைக்க முடியாது. இப்போது பெரும்பாலும் ஈவார்தான், அதாவது தொடை இடுக்கு வழியாக உறை போட்ட ஸ்டென்டை உள்ளே வைப்பது. 1990-லேயே அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் பரோடி என்ற சர்ஜன் செய்து காட்டியது. பலர் சில நாளில் வீடு திரும்பிவிடுவார்கள், சில வாரத்தில் குடல் ஆபரேஷனுக்குப் போகலாம்.

இடது பக்கக் கட்டி என்கிறீர்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தால் பெருங்குடலின் அந்தப் பகுதிக்குப் போகும் கிளைத் தமனியின் வாய் அடைபடும். மற்ற கிளைகள் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், ஆனாலும் குடலை வெட்டி இணைக்கிற இடத்துக்கு ரத்தம் போதுமா என்று இரண்டு சர்ஜன்களும் அதே ஸ்கேனை வைத்துப் பேசியாக வேண்டும். பேசினார்களா என்று கேளுங்கள்.

செல்வி_திருச்சி: எங்கள் மாமாவுக்கும் இதே இரண்டும்தான், ஆனால் குடல் அடைத்துக்கொண்டு வாந்தி, வயிறு உப்பிவிட்டது, அதனால் குடலைத்தான் முதலில் பார்த்தார்கள். தமனி அப்புறம்தான். எனவே எல்லாருக்கும் ஒரே வரிசை இல்லை.

மதுரைக்காரன்: அடைப்பு இல்லை அக்கா. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 இருக்கிறது, அதனால் பிரச்சினை வருமா டாக்டர்?

நாளம்: ஈவாருக்கு, ரத்தநாளம் படத்தில் தெரிய ஊசியில் சாயம் போடுவோம், சிறுநீரகத்துக்கு அது சுமை. முன்கூட்டியே சொன்னால் சாயத்தைக் குறைத்துச் செய்வார்கள். ஸ்டென்ட் வைத்த பிறகும் ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், புற்றுநோய்க்கு எடுக்கிற சி.டி.யிலேயே பல சமயம் அதையும் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரையை விடக் கூடாது, பீடி சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ கடும் வலி வந்தால் வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.