அப்பாவின் போனில் பூட்டை நீக்க முடியவில்லை. நீக்கத்தான் வேண்டுமா?

இளவேனில்:
நான் பயன்படுத்திவந்த ஆண்ட்ராய்டு போனை அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு வலக்கையில் நடுக்கம் உண்டு. பின் எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் ஓர் இலக்கம் தவறிவிடுகிறது. விரல் நுனி வறண்டுபோனதால் கைரேகையையும் போன் பெரும்பாலும் ஏற்பதில்லை. பூட்டே வேண்டாம் என்று திரைப்பூட்டு அமைப்புக்குள் போனால், 'எதுவுமில்லை', 'ஸ்வைப்' இரண்டும் மங்கிக் கிடக்கின்றன, தொட்டாலும் நகரவில்லை. நிர்வாகி, குறியாக்கக் கொள்கை, சான்றிதழ் சேமிப்பகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது என்ற பொருளில் அடியில் ஒரு வரி மட்டும் தெரிகிறது. பின் எண் எனக்குத் தெரியும். அலுவலக மின்னஞ்சல் கணக்கையும் நீக்கிவிட்டேன். ஆனாலும் அப்படியேதான் இருக்கிறது. எது தடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்மினி:
அந்த ஒரே வரி மூன்று வெவ்வேறு காரணங்களைச் சேர்த்துச் சொல்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் 'சாதன நிர்வாகி' செயலிகளின், அதாவது போனுக்குப் பூட்டு விதிகளைப் போடும் உரிமை பெற்ற செயலிகளின், பட்டியலைப் பாருங்கள். பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் போனிலும் இடம் மாறும் என்பதால், அமைப்புகளின் தேடல் பெட்டியில் 'நிர்வாகி' என்று தட்டிப் பார்ப்பது எளிது. மின்னஞ்சல் கணக்கை நீக்கினாலும் அலுவலகத்தின் மேலாண்மைச் செயலி நிர்வாகியாகத் தங்கியிருக்கலாம். அதன் நிர்வாக உரிமையை விலக்கிய பிறகுதான் செயலியை நீக்க முடியும். கணக்குகள் பகுதியில் பணிச் சுயவிவரம் (அலுவலகச் செயலிகளைத் தனியாக வைக்கும் பகுதி) மிச்சமிருந்தால் அதையும் நீக்குங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் என் சந்தேகம் சான்றிதழின் மேல்தான். அலுவலக வைஃபைக்கோ, வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் சேர உதவும் வி.பி.என்னுக்கோ எப்போதாவது ஒரு சான்றிதழ்க் கோப்பை, அதாவது இணைப்பின் அடையாளத்தை உறுதிசெய்யும் கோப்பை, நிறுவியிருப்பீர்கள். நிறுவும்போதே திரைப்பூட்டு வேண்டும் என்று போன் கேட்டிருக்கும். அந்தச் சான்றிதழ் உள்ளே இருக்கும்வரை பூட்டை எடுக்க விடாத போன்கள் உண்டு. குறியாக்கம், சான்றுகள் தொடர்பான பகுதியில் நிறுவிய சான்றுகளை எல்லாம் அழிக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் படங்களும் செய்திகளும் போய்விடாது; நீங்கள் நிறுவிய சான்றிதழ்கள் மட்டுமே போகும்.

குறியாக்கம் என்றால் தரவைத் திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றி வைப்பது. குறியாக்கக் கொள்கை என்பது, போன் இயங்கத் தொடங்கும்போதே பின் எண் கேட்கும்படி அமைக்கப்பட்ட பழைய போன்களில்தான் பெரும்பாலும் வரும்.

நேர்கோடு:
மின்மினி சொன்ன வழி சரியானது. ஆனால் அந்த வழியில் போக வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டு ஒன்று, குறியாக்கம் வேறொன்று என்று பலரும் நினைக்கிறார்கள். இன்றைய போனில் இரண்டும் ஒரே ஏற்பாட்டின் பகுதிகள். ஆண்ட்ராய்டு 7 வந்த 2016 முதல் கோப்புவாரியான குறியாக்கம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவரும் புதிய போன்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. அதில் படங்கள், செய்திகள், செயலிகளின் தரவு எல்லாம் ஒரு திறவுகோலின் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் பின் எண்ணும் சிப்புக்குள் புதைந்திருக்கும் ரகசியமும் சேர்ந்தால்தான் அந்தத் திறவுகோல் கிடைக்கும். போனை அணைத்துப் போட்டால், முதல் முறை பின் எண் கொடுக்கும்வரை அலாரம் அடிக்கும், அழைப்பு வரும். ஆனால் உங்கள் தரவு மூடியே இருக்கும். பூட்டை எடுத்துவிட்டால் போன் தொடங்கியதும் திறவுகோல் கேள்வியில்லாமல் வந்து நிற்கும். குறியாக்கம் பெயரளவில் இருக்கும். போனைக் கையில் எடுத்த எவருக்கும் எல்லாம் திறந்திருக்கும்.

அகவை60:
நானும் நடுங்கும் கைக்காரன்தான், ஆகவே இளவேனிலின் அப்பா இடத்திலிருந்து பேசுகிறேன்.

ஓர் இரவு மூச்சுத்திணறல் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் மகளை அழைக்க வேண்டும். நடுக்கத்தில் பின் எண் தவறியது, மறுபடி தவறியது, பிறகு முப்பது விநாடி காத்திரு என்றது போன். அவசர உதவி எண்ணை அழைக்கலாமே என்பீர்கள். எனக்கு வேண்டியிருந்தது மகள். வீட்டுச் சாவி அவளிடம்தான் இருந்தது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் திருடனையே முன்னால் நிறுத்துகிறார்கள். வயதானவர்கள் தங்கள் போனுக்கு வெளியே நிற்க நேர்வது திருட்டைவிட அடிக்கடி நடக்கிறது, அதை யாரும் ஆபத்தாக எண்ணுவதில்லை. உரியவரையே தடுக்கும் பூட்டு யாரைக் காப்பதற்காக?

இன்னொன்று. பூட்டு என்றால் அசைக்க முடியாதது என்று நம்புகிறீர்கள். 2022-இல் கூகுளின் பிக்சல் போன்களின் பூட்டுத்திரையை ஒரு சிம் அட்டையை வைத்தே தாண்ட முடிந்தது. வேறு சிம்மைப் போட்டு, அதன் பின் எண்ணை மூன்று முறை தவறாகக் கொடுத்து, முடங்கிய சிம்மைத் திறக்கும் பி.யு.கே. எண்ணை இட்டதும் போனே திறந்துகொண்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு கூகுள் 70,000 டாலர் பரிசளித்தது.

நேர்கோடு:
அந்த இரவில் நீங்கள் பட்ட பாட்டை நான் சிறிதாக்கவில்லை, ஐயா. ஆனால் அந்தக் கணத்தில் உங்களுக்குத் தேவைப்பட்டது மகளை அழைக்கும் வழி. அதைப் பூட்டுக்கு வெளியிலேயே வைக்கலாம். அவசரத் தகவல் பகுதியில் மகளின் எண்ணைச் சேர்த்தால், பூட்டுத்திரையில் 'அவசரம்' என்பதைத் தொட்டு, பின் எண் இல்லாமலே அவரை அழைக்க முடியும். ஐபோனிலும் இதற்கு இணையான மருத்துவ அடையாள அட்டை உண்டு. போன் வாங்கித் தரும் பிள்ளைகள் இதைச் செய்து கொடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பிக்சல் குறையைச் சொன்னீர்கள். அதன் முழுக் கதையும் என் பக்கம்தான் பேசுகிறது. ஏற்கெனவே ஒரு முறை திறக்கப்பட்டு மீண்டும் பூட்டப்பட்ட போனில்தான் அந்த வழி உள்ளே கொண்டுபோனது. அணைத்து இயக்கிய போனில் அதே வித்தையைச் செய்தபோது, போன் தொடக்கத் திரையிலேயே சிக்கிக்கொண்டது. பின் எண் கிடைக்காததால் திறவுகோலும் பிறக்கவில்லை. பூட்டுத்திரையில் ஓட்டை இருந்தபோதும் குறியாக்கம் தாங்கியது. நவம்பர் 2022 புதுப்பிப்பில் அந்த ஓட்டையும் அடைக்கப்பட்டது. இந்தப் பலத்துக்காகவே ஐ.ஓ.எஸ். 18.1 முதல், சுமார் மூன்று நாள் திறக்கப்படாத ஐபோன் தானாகவே மறுதொடக்கம் ஆகிறது. 2025-இல் ஆண்ட்ராய்டுக்கும் அதே வசதி வந்தது. பூட்டில்லாத போனில் இவை எதற்கும் பயனில்லை.

அகவை60:
அவசர எண் யோசனையை ஏற்கிறேன். ஆனால் குறியாக்கம் பூட்டோடு செத்துவிடுகிறது என்பது மிகை இல்லையா? எல்லாப் போனும் தொழிற்சாலையிலிருந்தே குறியாக்கத்தோடு வருகிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

மின்மினி:
இதில் இருவரும் பாதி சரி.

பூட்டை எடுத்தாலும் நினைவகச் சிப்பில் இருப்பது குறியாக்கப்பட்ட தரவுதான். உடைந்த போனிலிருந்து சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்துப் படிக்க முயல்கிறவருக்கு வெறும் குப்பைதான் கிடைக்கும். திறவுகோலைக் காக்கும் ரகசியம் முதன்மைச் சிப்போடு பிணைந்திருக்கிறது. போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யும்போதும் குறியாக்கம் உதவுகிறது: திறவுகோலை அழித்துவிட்டால் மிச்சம் எதுவும் வாசிக்கத் தகாது. ஆகவே குறியாக்கம் சாகவில்லை. ஆனால் இயங்கும் போனைக் கையில் எடுத்தவரை அது தடுக்காது. வீட்டிலும் வெளியிலும் நடப்பது பெரும்பாலும் அதுதான் என்பதால், நடைமுறையில் நேர்கோடு சொல்வதே எடை கூடியது.

இளவேனில், பூட்டை எடுக்கும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிந்த கைரேகைகள் எல்லாம் அழிந்துவிடும். போனைத் தொட்டுப் பணம் செலுத்தும் வசதி நின்றுவிடும். கைரேகையால் திறக்கும் வங்கிச் செயலிகள் பழைய பதிவை ஏற்காமல் மீண்டும் பதியச் சொல்லும். ஐபோனிலும் கடவுக்குறியீட்டை நீக்கினால் ஆப்பிள் பேயில் சேர்த்த அட்டைகள் நீங்கிவிடும்.

அகவை60:
அப்படியானால் வேறு வழியில் கேட்கிறேன். போனைப் பூட்டுவதற்குப் பதிலாக, போனில் இருப்பதைக் குறைத்தால் என்ன? என் போனில் வங்கிச் செயலி இல்லை. மின்னஞ்சலும் இல்லை; அவை வீட்டுக் கணினியில் இருக்கின்றன. அழைப்பு, புகைப்படம், வானொலி, பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க ஒரு காணொளிச் செயலி. இவ்வளவுதான். திருடன் எடுத்தாலும் அவனுக்கு என்ன கிடைக்கும்? வேண்டுமானால் காணொளிச் செயலிக்கு மட்டும் ஒரு செயலிப் பூட்டு போட்டுக்கொள்கிறேன்.

நேர்கோடு:
குறைப்பது நல்ல பாதுகாப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பலர் நூறு செயலிகளை வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் நம்புகிறார்கள்.

ஆனால் நீங்கள் பட்டியலில் விட்டுவிட்டது சிம். வங்கிச் செயலி போனில் இல்லாவிட்டாலும் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அந்தப் போனுக்குத்தான் வருகிறது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னால் பல சேவைகள் அந்த எண்ணுக்குத்தான் குறியீட்டை அனுப்புகின்றன. கணினியில் நீங்கள் கவனமாகப் பூட்டி வைத்த மின்னஞ்சலின் மாற்றுவழி, திறந்து கிடக்கும் போன் வழியாகப் போகிறது. அதோடு உங்கள் தொடர்பு எண்கள். உங்கள் பெயரில் உறவினருக்கு 'அவசரமாகப் பணம் வேண்டும்' என்று ஒரு செய்தி போனால், நம்பி ஏமாறுவது அவர்கள். அந்த இழப்பைத் தீர்மானிக்கும் உரிமை நமக்கு மட்டும் இல்லை.

தனியாகப் பதிவிறக்கும் செயலிப் பூட்டுகள் பெரும்பாலும் ஒரு திரையை மேலே விரிப்பவைதான். கோப்புகளைப் புதிதாகக் குறியாக்கம் செய்வதில்லை. அவற்றில் பல, மற்ற செயலிகளைக் கண்காணிக்கும் அணுகல்தன்மை உரிமையை வேறு கேட்கின்றன.

இளவேனில்:
அப்பாவின் போனில் மின்னஞ்சல் இருக்கிறது, மருத்துவ அறிக்கைகளின் படங்களும் இருக்கின்றன. பூட்டை வைத்துக்கொண்டே அவருடைய சிரமத்தைக் குறைக்க வழி உண்டா?

மின்மினி:
உண்டு. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பூட்டை எடுக்கிறவர்களில் பலர் இவற்றைத் தேடிப் பார்த்ததே இல்லை.

திரை அணைந்தவுடன் பூட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திரைப்பூட்டுக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால், அணைந்து எவ்வளவு நேரம் கழித்துப் பூட்டுவது என்று கேட்கும். பல போன்களில் 30 நிமிடம் வரை தள்ளிவைக்கலாம். திரை ஒளிரும் நேரத்தையும் கூட்டிவிடுங்கள்.

கைரேகையில், ஒரே விரலை இரண்டு மூன்று தடவை தனித்தனிப் பதிவாகச் சேர்த்துப் பாருங்கள். வறண்ட விரலுக்கு இது பலன் தருகிறது. நடுக்கம் வலக்கையில் என்பதால் இடக்கை விரல்களையும் பதியுங்கள். அணுகல்தன்மைப் பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டிக்கும் வசதி இருக்கிறது. சில போன்களில் அடுத்தடுத்து விழும் தற்செயல் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதியும் உண்டு. நடுக்கம் உள்ளவர்களுக்காகவே வைத்தது அது.

புள்ளிகளை விரலால் இழுத்து இணைக்கும் பேட்டர்னுக்கு மாற வேண்டாம். ஒன்பது புள்ளிகளில் 3,89,112 வடிவங்கள் சாத்தியம் என்றாலும் திரையில் விரல் இழுத்த எண்ணெய்த் தடம் அதைக் காட்டிக்கொடுக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இலேயே இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். நடுங்கும் விரலுக்கு இழுப்பது தட்டுவதைவிடக் கடினமும்கூட.

வீட்டில் இருக்கும்போது திறந்தே வைக்கும் 'நீட்டித்த திறப்பு' வசதியும் இருக்கிறது. ஆனால் அது நான்கு மணி நேரம் பயன்படுத்தாமல் கிடந்தால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். வீட்டு எல்லையைத் துல்லியமாக அறியாது, சுற்றுப்புறத்திலும் திறந்திருக்கலாம்.

அகவை60:
நாளில் ஒருமுறை காலையில் பின் எண் கொடுப்பதும், ஒவ்வொரு அழைப்புக்கும் கொடுப்பதும் ஒன்றல்ல. இந்த அளவு தளர்த்தினால் எனக்கே ஒப்புதல்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நாம் இவ்வளவு நேரம் ஒருவருடைய போனைப் பற்றி வாதாடுகிறோம். அவரிடம் கேட்டீர்களா, இளவேனில்? ஆபத்து இன்னது என்று சொல்லி, அதன் பிறகும் பூட்டு வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுவதுதான் முறை. வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவருடைய முடிவைப் பிள்ளைகள் எடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நேர்கோடு:
கேட்க வேண்டும். ஆனால் ஆபத்தைச் சொல்லும்போது 'யாராவது படங்களைப் பார்த்துவிடுவார்கள்' என்று நிறுத்திவிடாமல், ஓ.டி.பி.யையும் உறவினர் ஏமாறுவதையும் சொல்லிக் கேளுங்கள். அதன் பின் அவர் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது அவருடையது. எடுக்கக் கூடாது என்ற என் கருத்து மட்டும் மாறாது.

இளவேனில்:
நிர்வாகிப் பட்டியல் காலியாக இருந்தது. பழைய அலுவலக வி.பி.என்னின் சான்றிதழ்தான் காரணம். அழித்ததும் 'ஸ்வைப்' வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவப் படங்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தன் பெயரில் அத்தையிடம் யாராவது பணம் கேட்டுவிடுவார்கள் என்றதும் பூட்டு இருக்கட்டும் என்றார். இடக்கை ஆட்காட்டி விரலை இரண்டு பதிவாகச் சேர்த்தோம், பெரும்பாலும் ஏற்கிறது. அவசரத் தகவலில் என் எண்ணும் அத்தையின் எண்ணும் இருக்கின்றன, அங்கிருந்து அழைத்தும் பார்த்துவிட்டார். பூட்டும் நேரத்தை 30 நிமிடம் என்று வைத்தேன். ஆனால் அவர் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தால் உடனே பூட்டிக்கொள்கிறதே?

மின்மினி:
அதே பற்சக்கரக் குறிக்குள், பவர் பொத்தானை அழுத்தியதும் உடனே பூட்டும்படி ஒரு சுவிட்ச் தனியாக இருக்கும். அதை அணைத்துவிட்டால் 30 நிமிடக் கணக்கு பொத்தானுக்கும் பொருந்தும்.

நேர்கோடு:
அணைப்பதானால், வெளியே கிளம்பும்போது போனைக் கையால் பூட்டிக்கொள்ள ஒரு வழியும் வேண்டும். பவர் மெனுவில் 'லாக்டவுன்' என்ற பொத்தானைக் காட்டும்படி அமைக்கலாம். அதைத் தொட்டால் கைரேகையையும் நீட்டித்த திறப்பையும் நிறுத்திவிட்டு, அடுத்த முறை பின் எண்ணை மட்டுமே ஏற்கும். பூட்டுத்திரை அறிவிப்புகளில் செய்தியின் உள்ளடக்கத்தையும் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட்டு இருந்தும் ஓ.டி.பி. வெளியே தெரியும்.

அகவை60:
லாக்டவுன் பொத்தானை அவர் மூன்று முறை தாமே செய்து பார்க்கட்டும், இளவேனில். நீங்கள் பக்கத்தில் இருங்கள். போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள்.