ஜப்பானில் செங்குத்துச் சரிவும் மரக்காடும்: எந்த மலை எதற்கு?

வெண்சாரல் எழுதியது:

ஜப்பானுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே பனி அதிகம்?" என்றுதான். அதற்கு விடை எளிது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் வெதுவெதுப்பான நீர்மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, எதிர்ப்படும் மலைகளில் கொட்டிவிடுகிறது. ஜனவரியில் அந்தக் கடலோரம் எந்த மலைக்குப் போனாலும் பனிக்குப் பஞ்சமில்லை. செங்குத்தான சரிவு, புகுந்து வரத் தோதான காடு, அந்தக் காட்டுக்குள் போக அனுமதி ஆகிய மூன்றும் ஒரே மலையில் கிடைக்குமா என்பதுதான் கடினமான கேள்வி. டோக்கியோவில் வேலை பார்த்த ஆண்டுகளில் குளிர்காலம் முழுவதும் நான் இதைத் தேடித்தான் அலைந்தேன். கண்டதை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே சேருங்கள்.

வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நிசெகோவில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நிசெகோ அன்னுபுரி 1,308 மீட்டர் உயரம். கிராண்ட் ஹிராஃபு, ஹானாசோனோ, நிசெகோ வில்லேஜ், அன்னுபுரி என்று நான்கு பனிச்சறுக்குத் தளங்களை அதன் தோள்களில் ஒரே டிக்கெட்டில் சுற்றலாம். பர்ச் மரங்கள் தாராளமாக இடைவெளி விட்டு நிற்கின்றன. ஹானாசோனோ பக்கம் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் என்று அழைக்கப்படும் காட்டில் எந்த மரத்தைச் சுற்றினாலும் அடுத்த வழி தெரியும். ஆனால் சரிவு சாதுவானது. தொடையளவு பனி விழுந்த காலையில் அது போதாது. நடுக்காட்டில் நின்றுபோய், பிறகு நடந்துதான் வெளியேற வேண்டும்.

சீர்செய்த பாதைகளில் மட்டும் சறுக்கிப் பழகியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். ஆழப்பனி வேகத்தைத் தின்றுவிடும். அதில் செங்குத்து பயமுறுத்தாது, உதவும். 35 டிகிரிச் சரிவு என்று கேட்டால் வயிறு கலங்கும். புதுப்பனியில் அதே சரிவு சுகமாக இருக்கும். ஏறத்தாழ 30 முதல் 45 டிகிரி வரைதான் பனிச்சரிவு, அதாவது மலைப்பனி மொத்தமாகப் பெயர்ந்து விழுவது, அதிகம் கிளம்பும் கோணமும் என்பதுதான் வில்லங்கம். ஆகவே "எவ்வளவு செங்குத்து?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தச் செங்குத்தை யார் காலையில் சோதிக்கிறார்கள், யார் திறந்துவிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். என் வரிசையெல்லாம் இதை வைத்துத்தான்.

இந்த விஷயத்தில் நிசெகோவுக்கு முழு மதிப்பெண். உச்சியைச் சுற்றிக் கேட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக மட்டுமே தளத்தின் எல்லைக்கு வெளியே போகலாம். கயிற்றைத் தாண்டினால் டிக்கெட் பறிபோகும். தினமும் காலையில் பனிச்சரிவுத் தகவல் வெளியாகிறது. காற்று பலத்தால் கேட்டுகள் நாள் முழுவதும் மூடியே கிடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்திலுள்ள ருசுட்சுவில் கூட்டம் குறைவு. இசோலா மலையின் காடுகளில் மதியத்திலும் தடம் படாத பனி கிடைக்கும். மரம் மட்டும்தான் உங்கள் நாட்டம் என்றால், எனக்கு நிசெகோவைவிட ருசுட்சுவே மேல்.

முக்கியத் தீவான ஹோன்ஷூவுக்கு வந்தால் மலையின் முகமே வேறு. நிசெகோ எரிமலைத் தோள். ஹகுபாவோ கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரச் சிகரங்கள் வரிசைகட்டி நிற்கும் ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரம். 1998 நாகானோ ஒலிம்பிக்கின் டவுன்ஹில் போட்டி அங்குள்ள ஹாப்போ-ஒனே தளத்தில் நடந்தது. அதன் உச்சி லிஃப்ட் 1,831 மீட்டரில் விடுகிறது. அங்கிருந்து மேலே ஏறி நடப்பவர்களைப் பார்த்தாலே கால் குறுகுறுக்கும். செங்குத்துக்கு ஹகுபாவை மிஞ்ச ஜப்பானில் ஆளில்லை என்பது என் எண்ணம். குறை என்னவென்றால், பள்ளத்தாக்கின் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கைப் பார்த்தவை. பிப்ரவரி பாதிக்குமேல் வெயில் அடித்தால் காலைப் பனி மதியத்துக்குள் கஞ்சியாகிவிடும்.

அங்கே மரக்காடு என்றால் கோர்டினா. பள்ளத்தாக்கின் வடகோடி, ஒதாரி கிராமம். பனியும் அங்கே மற்றத் தளங்களைவிட அதிகம் விழுகிறது. லிஃப்ட்டுக்கு நேர் கீழேயே செங்குத்தான காடு. சொந்தப் பொறுப்பில் இறங்கலாம். இரவெல்லாம் பனி கொட்டினால் லிஃப்ட் திறக்கும் முன்பே நீண்ட வரிசை நிற்கும், பத்து மணிக்குள் காடு முழுவதும் உழுதுபோடப்பட்டிருக்கும். அங்கே தாமதமாகப் போவதைவிடத் தூங்கலாம். ட்சுகாயிகேயில் காட்டுப் பகுதிக்குத் தனி ஏற்பாடு: பாதுகாப்பு விளக்கத்தைக் கேட்டுப் பதிந்துகொண்டால்தான் உள்ளே விடுவார்கள். சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 ஜனவரி இறுதியில் இதே ஒதாரியின் ஹகுபா நொரிகுராவில், தள எல்லைக்கு வெளியே நடந்த பனிச்சரிவில் அமெரிக்காவின் முன்னாள் உலகச் சாம்பியன் கைல் ஸ்மெயின் உட்பட இருவர் இறந்தார்கள். உலகத் தரத் திறமையும் பனிச்சரிவின் முன்னால் ஒன்றுமில்லை.

இனி என் மனதுக்குப் பிடித்தது: மியோகோவும் அதைச் சுற்றியுள்ள மலைகளும். ஹகுபாவைவிடக் கடலுக்கு அருகில் இருப்பதால் பனி கொட்டோ கொட்டென்று கொட்டும். அங்குள்ள லோட்டே அராய் என்ற தளம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2017 டிசம்பரில் மீண்டும் திறந்தது. அவர்கள் வெடிவைத்துப் பனிச்சரிவைத் தாமே இறக்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு பகுதியாகத் திறக்கிறார்கள். மேலே கிண்ணம்போல் அகன்ற செங்குத்துச் சரிவுகள், கீழே பீச் காடு. நான் முதலில் சொன்ன மூன்றும் ஒரே டிக்கெட்டில் கிடைத்த இடம் எனக்கு இதுதான். பெரும் பனிக்கு மறுநாள் மேல்பகுதி திறக்க மதியமாகிவிடலாம். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தக் காத்திருப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

சற்றுத் தள்ளிச் செகி ஒன்சென் இருக்கிறது. இரண்டே லிஃப்ட், அதில் ஒன்று ஒற்றை நாற்காலி. பாதைகளைச் சீர்செய்வதில் அவர்களுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது, நமக்கும் அது வேண்டியதில்லை. மதராவ் இதற்கு நேர்மாறு: காட்டுப் பாதைகளுக்குப் பெயரிட்டு, வரைபடத்தில் குறித்து, புதியவர்களும் பழகும்படி வைத்திருக்கிறார்கள். நொசாவா ஒன்செனின் உச்சியிலுள்ள யாமாபிகோ பகுதி பீச் மரங்களும் அழகுதான். ஆனால் அங்கே எல்லை தாண்டி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவு உங்கள் தலையில் என்று கிராமமே சட்டம் போட்டிருக்கிறது.

மரங்களைப் பற்றி ஒன்று. பர்ச், பீச் இரண்டும் நம்பத்தகுந்தவை: இலையுதிர்ந்து நிற்பதால் வழி தெரியும். தாழ்வான சரிவுகளில் வரிசையாக நட்ட சுகி என்ற ஊசியிலை மரத்தோப்பு தெரிந்தால் திரும்பிவிடுங்கள், உள்ளே திரும்ப இடமிருக்காது. எங்குமே தரையில் சாசா என்ற குட்டை மூங்கில் அடர்ந்திருக்கும். ஜனவரி முதல் வாரங்கள் வரை அது பனிக்குமேல் தலைநீட்டிக் காலைப் பிடிக்கும். மூடியபிறகும் ஆபத்து தீர்வதில்லை; பனி அதன்மேல் எண்ணெய் தடவிய பாய்மேல் இருப்பதுபோல நழுவி, சரிவில் நீளமான பிளவுகளைத் திறக்கும். பிளவு கண்ணில் பட்டால் அதன் கீழே நிற்காதீர்கள்.

கிழக்குக்காற்று எழுதியது:

அக்கா, எல்லாம் சரி. ஆனால் நிசெகோவையும் ருசுட்சுவையும் மட்டும் வைத்து ஹொக்கைடோவைச் சாது என்று எழுதிவிட்டீர்களே! சப்போரோவில் குடியிருப்பவன் என்ற முறையில் என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

நகரத்திலிருந்தே போகக்கூடிய தெய்னேயில் 1972 ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகள் நடந்தன. அங்கே கிதாகாபே, அதாவது வடக்குச் சுவர், என்றொரு பாதை இருக்கிறது. பெயருக்கேற்ற செங்குத்து. எதிரே இஷிகாரி விரிகுடா விரிந்து கிடக்கும், ரசிக்கத்தான் நேரமிருக்காது. இன்னும் வேண்டுமென்றால் சோவுன்க்யோவிலுள்ள குரோதாகேக்குப் போங்கள். ரோப்வே, அதற்குமேல் ஒரு லிஃப்ட், அவ்வளவுதான். லிஃப்டிலிருந்து இறங்கியதுமே சரிவு கீழே விழுகிறது. உள்ளூர்க்காரர்கள் பேச்சில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்கள் உண்டு, தேதி பார்க்காமல் கிளம்பாதீர்கள். அசாஹிதாகே ஹொக்கைடோவின் மிக உயர்ந்த மலை, 2,291 மீட்டர். ரோப்வே 1,600 மீட்டர் வரை கொண்டுவிடும். பக்கத்திலேயே எரிமலைப் புகை சீறிக்கொண்டிருக்கும். அதற்குமேல் ஒரு மரம்கூட இல்லாததால், மேகம் இறங்கினால் வானம் எது தரை எது என்றே தெரியாது. அப்படிப்பட்ட நாட்களில் கீழே மரவரிசைக்குள் வந்துவிடுவதுதான் புத்தி.

பனியின் தரத்தைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. இங்கே உறைபனிக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி என்பது சாதாரணம். ஃபுரானோ, அசாஹிகாவா பக்கம் பனியைக் கையில் அள்ளினால் உருண்டைகூடப் பிடிக்க முடியாது. ஹோன்ஷூவில் ஜனவரியிலேயே மழை பெய்து கொண்டாட்டத்தைக் கெடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தனிநடை எழுதியது:

இருவரும் ஹக்கோடாவை விட்டுவிட்டீர்கள். ஹோன்ஷூவின் வடகோடியிலுள்ள அவோமோரியிலிருந்து பஸ்ஸில் போகலாம். ஒரே ரோப்வே, மேல்நிலையம் 1,314 மீட்டரில். உச்சியில் பனி படிந்து பூதங்களாக நிற்கும் ஊசியிலை மரங்கள், கீழே போகப்போகப் பீச் காடு. உண்மையான செங்குத்து கொஞ்சம்தான், ஆனால் மரங்களுக்கிடையே இவ்வளவு நீளமாக இறங்கியது வேறெங்கும் இல்லை. காற்றடித்தால் ரோப்வே நின்றுவிடும். அதற்குப் பொறுமை வேண்டும். 1902-ல் இதே மலையில் பயிற்சிக்குக் கிளம்பிய 210 படைவீரர்களில் 199 பேர் பனிப்புயலில் இறந்தார்கள். வழிகாட்டி இல்லாமல் நான் அங்கே இறங்க மாட்டேன். அருகிலுள்ள சுகாயு வெந்நீரூற்றுப் பகுதியில் 2013 பிப்ரவரியில் தரையில் 566 செ.மீ. பனி படிந்திருந்தது. அங்குள்ள பழைய மரத்தாலான வெந்நீர்க் குளியலறையில் மாலையில் உட்கார்ந்தால் கால்வலியெல்லாம் போய்விடும்.

இன்னொன்று. ஹொக்கைடோவில் ஒரு காட்டில் இரண்டு ஸ்கீ முனைகள் மட்டும் பனிக்குமேல் தெரிந்தன. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கடியில் பனி கெட்டிப்படாமல் குழி விழுந்திருக்கும். அதற்குள் ஒருவர் தலைகீழாகப் போயிருந்தார். நானும் நண்பரும் மண்வாரியால் முதலில் முகத்தைத் தேடித் தோண்டினோம். மூச்சு இருந்தது. நாங்கள் வெளியே இழுத்தபிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. அவருடைய கூட்டாளி அதற்குள் லிஃப்டடிக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தாராம். காட்டுக்குள் கூட்டாளி என்றால் கண்ணுக்கெட்டும் தூரத்தில், காதுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் விசில் கட்டுங்கள். சறுக்குக் கம்பின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

புதுமலை எழுதியது:

செங்குத்தான பாதைகளில் தடுமாறாமல் இறங்குவேன். ஆழப்பனி, காடு இரண்டும் புதிது. ஜனவரி கடைசியில் ஒரு வாரம் கிடைத்திருக்கிறது. மனைவி நிதானமாகச் சறுக்குபவர். எங்கே தங்கலாம்?

வெண்சாரல் எழுதியது:

கிழக்குக்காற்று தம்பியின் குட்டு வலிக்கிறது, குரோதாகேயை ஒப்புக்கொள்கிறேன். மழை விஷயமும் உண்மை, ஆனாலும் அராய்க்கே என் ஓட்டு.

புதுமலை, நீங்கள் மதராவில் தங்குங்கள். டோக்கியோவிலிருந்து ஹொக்குரிகு ஷின்கான்சென்னில் ஈயாமாவில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. முதல் இரண்டு நாள் அங்கே குறித்த காட்டுப் பாதைகளில் பழகுங்கள். திருப்பங்கள் சிறிதாக, கண் மரத்தில் அல்ல, இடைவெளியில். மனைவிக்கும் சீர்செய்த பாதைகள் போதுமான அளவு உண்டு. பிறகு ஒரு நாள் நொசாவா, பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் அராய். கோர்டினாவை இந்த முறை விட்டுவிடுங்கள். ஸ்கீ நடுப்பகுதியில் 100 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் வாடகைக்குக் கேளுங்கள். காப்பீடு எல்லைக்கு வெளியே செல்லுமா என்று புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயணம் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனால் சொல்லுங்கள், அப்போது என் விடை மாறும்: தம்பியின் ஊர்ப்பக்கம் அனுப்பிவிடுவேன்.