காலை 10 முதல் ராத்திரி 10 வரை வேலை, ஓடி (ஓவர்டைம்) காசு கிடையாதாம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிப்புட்காரி:
வணக்கம். மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல கேஷியரா இருக்கேன். அம்மா அப்பா ரெண்டு பேரும் ரப்பர் தோட்டத்துல பாலுக்காகப் பால்மரம் வெட்டினவங்க. எங்க குடும்பத்துல கடை வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான்.

காலையில 10 மணிக்குப் பஞ்ச் பண்ணினா ராத்திரி 10 மணிக்குத்தான் வெளிய. மதியம் ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுவாங்க. வாரத்துல ஆறு நாள். பேஸிக் 1,700 வெள்ளி (ரிங்கிட்). லீவு போடாம வந்தா 150 வெள்ளி அலவன்ஸ். ஓடி கேட்டா, அந்த அலவன்ஸ்லயே எல்லாம் அடங்கிடுச்சுன்னு சூப்பர்வைசர் சொல்றாரு.

போன மாசம் டிராயர்ல காசு குறைஞ்சதுன்னு 38 வெள்ளி பிடிச்சிட்டாங்க. நான் சாப்பிடப் போற நேரம் வேற ஆளு அதே டிராயர்ல உட்காருவாங்க, அதை யாரும் பேசல. ஸ்லிப்புல மலாய்ல ‘லைன்-லைன்’ (இதர வகை)னு மட்டும் போட்டிருக்கு.

போன தீபாவளி அன்னிக்கும் வேலைதான். எங்க லீவு பட்டியல்ல தீபாவளி இல்லைன்னுட்டாங்க. கவுண்டர்ல நிக்கிறது முக்கால்வாசி நம்ம பொம்பளைங்க.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. மகள் ஃபார்ம் ஃபைவ் படிக்கிறா, இந்த வேலை வேணும். ஆனா இதெல்லாம் முறையா?

சம்பள கிளார்க், சுங்கைப்பட்டாணி:
முறை இல்லக்கா. நான் ஒரு தொழிற்சாலையில சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். 1955 வேலைச் சட்டப்படி, 2023 ஜனவரி 1லேர்ந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான். முன்ன 48. ஒரு நாளைக்கு 8.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. ஓய்வு நேரத்தையும் சேர்த்து, வேலை ஆரம்பிச்ச 10 மணி நேரத்துக்குள்ள அன்னிக்கு உள்ள வேலை முடியணும். அதுக்கு மேல நிக்க வச்சா அந்த நேரம் முழுக்க ஓடிதான். நீங்க காலையில 10 மணிக்கு நுழையுறீங்க. அப்போ ராத்திரி 8 மணியிலேர்ந்து ஓடி ஓட ஆரம்பிச்சிடும்.

பேஸிக்கை மட்டும் வச்சுப் பார்ப்போம். 1,700ஐ 26ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம் 65.38. அதை 8ஆல வகுத்தா மணிக்கு 8.17. ஒன்றரை மடங்கு 12.26. நாளுக்கு ரெண்டு மணி நேரம்னா 24.52, மாசம் 26 நாளுக்கு 637 வெள்ளிக்கு மேல! 150ஐக் காட்டி இதை எப்படி மூட முடியும்? அது போக, 8 மணி நேரம் ஆறு நாள்னா 48 ஆகுது. 45ஐத் தாண்டின அந்த மூணு மணி நேரத்தையும் கேளுங்க.

1,700ங்கிறதே 2025 பிப்ரவரிலேர்ந்து நடப்புல இருக்கிற குறைந்தபட்சச் சம்பளம்தான். அவங்க பெருசா எதுவும் தந்துடல. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கையும் திறந்து பாருங்க. 1,700க்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி வரணும்.

பஹாவ் கேஷியர்:
அக்கா, அந்த 38 வெள்ளியை விடாதீங்க. சம்பளத்துல எதை எதைப் பிடிக்கலாம்னு சட்டத்துல எழுதியே இருக்கு, டிராயர் குறைஞ்ச காசு அதுல கிடையாது. எனக்கும் இதே நடந்துச்சு. டிராயர் மாறும்போதெல்லாம் ரெண்டு பேரும் எண்ணிக் கையெழுத்துப் போடணும்னு நாங்க எல்லாரும் சேர்ந்து கேட்டோம், அதுக்கப்புறம் பிடித்தம் நின்னுச்சு.

பஞ்ச் கார்டு, ரோஸ்டர் ரெண்டையும் வாராவாரம் போன்ல படம் எடுத்து வைங்க. கேட்கிற அன்னிக்கு அது சுவத்துல இருக்காது.

பெரட்டுக்களம்:
தங்கச்சி, தீபாவளி விஷயத்துக்கு வர்றேன். வருஷத்துக்கு 11 பொது விடுமுறை சம்பளத்தோட தரணும். தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் இந்த அஞ்சும் கட்டாயம். மத்த ஆறை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். ஆனா வருஷம் பிறக்குறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டியலை வேலை இடத்துல எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒட்டணும். ஒட்டியிருந்தாங்களான்னு முதல்ல பாரு. அதுல தீபாவளி இருந்திருந்தா, அன்னிக்கு உழைச்சதுக்கு மாசச் சம்பளத்துக்கு மேல ரெண்டு நாள் சம்பளம் வரணும்.

நான் தோட்டத்துல சங்கக் கிளைச் செயலாளரா இருந்தவன். பெரட்டுல (காலையில ஆள் பேர் எடுக்கிற இடம்) தண்டல், அதாவது கங்காணி, ஒரு ஆளோட பேரை விட்டுட்டா, அன்னிக்கு சாயந்தரமே ஆபீஸ்ல போய்க் கேட்போம். 1954ல ஆரம்பிச்ச தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் எங்களுக்குப் பின்னால இருந்துச்சு. அந்தச் சம்பளம் கம்மிதான், மறுக்கல. ஆனா கேட்க ஆள் இருந்தது. இப்ப நம்ம பிள்ளைங்க டவுன் கடைகள்ல தனித்தனியா நின்னு, சூப்பர்வைசர் சொல்றதையே சட்டம்னு நம்புறது எனக்குத் தாங்கல.

ஈப்போ தொழிலாளர் இலாகாவுக்குப் போ. புகாருக்குக் காசு இல்லை, வக்கீலும் தேவையில்லை. புகார் கொடுத்ததுக்காக வேலையை விட்டு நிறுத்தினா, 60 நாளுக்குள்ள தொழிலியல் உறவு இலாகாவுல மனு கொடுக்கணும். அந்தக் கெடுவை மட்டும் தவற விட்டுடாதே.

சிப்புட்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்குப் பார்த்தேன், பட்டியல் எங்கயும் ஒட்டல. கூட வேலை செய்யற ரெண்டு பேர் என்னோட வர்றேன்னு சொல்றாங்க. ஒரு சந்தேகம் அண்ணா. ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து வாங்கினாங்க, காப்பி தரல. அது இல்லாம புகார் எடுப்பாங்களா?

பெரட்டுக்களம்:
எடுப்பாங்க. சம்பள ஸ்லிப், பேங்க் கணக்கு, ஈபிஎஃப் கணக்கு, எடுத்து வச்ச படங்கள் எல்லாத்தையும் கொண்டு போ. மூணு பேரும் சேர்ந்தே போங்க. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேணாம், தொழுகை நேரம்.