கண்மாய்க் கருவேலங்கிளையில் பச்சையாக ஒட்டியிருப்பது பாசியா?

செம்மண்:
சிவகங்கைப் பக்கம் எங்கள் கண்மாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூழ்கிக் கிடந்த கருவேலங்கிளையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, பாசி என்று தொட்டால் வழுக்கவில்லை, சொரசொரவென்று இருக்கிறது, மேலெல்லாம் துளை, கிளையின் அடிப்பக்கம் அதுவே வெளிர்மஞ்சள். கெட்ட வாடை வேறு, விரலெல்லாம் அரிப்பு. என்ன இது? இது இருந்தால் தண்ணீர் சுத்தம் என்கிறார்களே, உண்மையா? கண்மாய் வற்றினால் செத்துவிடுமா, வேறு குளத்துக்கு மாற்றலாமா?

நீர்க்கோழி:
நன்னீர்ப் பஞ்சுயிரி. பாசி இல்லை, விலங்கு. பச்சை மட்டும் பாசியுடையது. உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கும், வெயில் படாத அடிப்பக்கத்தில் அது தங்காது, அதனால்தான் மஞ்சள். அரிப்புக்குக் காரணம் சிலிக்கா ஊசிகள், கை கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். இந்தியக் குளங்களில் பரவலாக இருக்கும் ஓர் இனம் யூனாபியஸ் கார்ட்டரி; 1840களில் பம்பாய்க் குளங்களில் இவற்றை ஆராய்ந்த ஹென்றி ஜான் கார்ட்டரின் பெயர் அது. உங்களுடையது எந்த இனம் என்பதை நுண்ணோக்கியில் ஊசிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வடகரை:
இதை நம்பித் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். அது தின்பதே தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைத்தான், சிறுதுளைகள் வழியே உறிஞ்சி, வடிகட்டி, பெரிய துளை வழியே வெளியே விடும். கட்டை, கல் மாதிரி கெட்டியான இடம் வேண்டும், ஊசி செய்யத் தண்ணீரில் சிலிக்கா கரைந்திருக்க வேண்டும், முக்கியமாக வண்டல் வந்து மூடக் கூடாது. துளை அடைத்தால் மூச்சும் போச்சு, சாப்பாடும் போச்சு.

ஆவாரம்பூ:
மாற்றவே மாற்றாதீர்கள். வற்றுவது அதற்குப் பழக்கம்தான். அடிப்பகுதியில் கசகசாவை விடச் சின்னதாக உருண்டைகள் இருக்கிறதா பாருங்கள், அவை ஜெம்யூல்கள். உடம்பு காய்ந்து உதிர்ந்தாலும் அவை கிளையில் ஒட்டிக் கிடந்து, மழைக்குக் கண்மாய் பெருகியதும் முளைக்கும். சைபீரியாவில் பைக்கால் ஏரியில் மரக்கிளை போல வளரும் லுபோமிர்ஸ்கியா என்ற பஞ்சுயிரிக்கு இந்த ஏற்பாடே கிடையாது, ஏரி வற்றுவதில்லையே. 2010க்குப் பிறகு அங்கே அவை நோய் கண்டு கூட்டங்கூட்டமாகச் சாகின்றன, படிக்கும்போதே வயிறு கலங்குகிறது.

செம்மண்:
உருண்டை இருக்கிறது, பழுப்பு நிறம். மடைக் கல்லிலும் பார்த்தேன். ஆனால் கோடையில் மடையைச் சுரண்டிவிடுவார்கள்.

ஆவாரம்பூ:
கதவு உட்காரும் இடத்தை மட்டும் சுரண்டட்டும், பக்கக் கல்லை விடச் சொல்லுங்கள். கிளையையும் விறகுக்கு எடுக்க விடாதீர்கள்.