மறு: விறகுச்சூளைக் கலைச்சொற்கள் – பூச்சா, பூத்ததா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விறகுச்சூளையில் கலம் சுடும் கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதத் தேவையான கலைச்சொற்களைப் பட்டியலிடும் இந்த இழை நீண்டுவிட்டது. ஆனாலும் ஒரு முக்கியமான இடத்தை யாரும் தொடவில்லை என்று படுவதால் எழுதுகிறேன்.

> 'வுட் ஃபயர்டு' என்பதற்கு 'விறகில் சுட்ட' என்று போட்டால் போதுமே. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

போதாது. நம் ஊரில் விறகில் சுடாத பானை எது? எங்கள் ஊர் வேளார் தெருவில் விறகு, வைக்கோல், வறட்டி, தென்னை மட்டை எல்லாம் போட்டுத்தான் சூளை வைப்பார்கள். அய்யனார் கோயில் குதிரையும் அப்படி வெந்ததுதான். மேற்கு நாடுகளில் மின்சூளையும் எரிவாயுச் சூளையும் வழக்கமாகிப் போன பிறகு, அவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் 'விறகில் சுட்ட' என்ற அடைமொழி அங்கே தேவைப்பட்டது. அதை அப்படியே எடுத்துப் போட்டால், ஒரு தமிழ் வாசகர் "அதுதான் தெரியுமே, அதில் என்ன கலை?" என்று கேட்பார், கேட்பதும் நியாயம்தான். 'விறகுச்சூளை வனைஞர்' என்று தொழிற்பெயராக வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தக் கலைஞர்களை வேறுபடுத்துவது விறகு மட்டும் இல்லை, விறகு விட்டுச்செல்லும் சாம்பலும் அது உருகும் அளவுக்கு ஏற்றப்படும் சூடும்தான்.

நம் சாதாரணப் பானை ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. அந்தச் சூட்டில் சாம்பல் சாம்பலாகவே இருக்கும், தட்டினால் போய்விடும். சூளை 1,200-ஐத் தாண்டி 1,300-ஐ நெருங்கும்போதுதான் கதை மாறுகிறது. தீயோடு பறந்து போய்க் கலத்தின் தோள்மீது உட்காரும் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு. அவை களிமண்ணில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். யாரும் தூரிகை எடுத்துத் தடவவில்லை, கலவையில் முக்கி எடுக்கவும் இல்லை. வனைஞர் கலத்தைச் சூளைக்குள் எங்கே, எந்தப் பக்கம் திருப்பி வைத்தார் என்பதும், விறகை எத்தனை நாள் எப்படிப் போட்டார் என்பதும்தான் மெருகை, அதாவது கலத்தின்மேல் படியும் இந்தக் கண்ணாடிப் படலத்தை ('கிளேஸ்'), தீர்மானிக்கின்றன.

இதனால்தான் இந்த மெருகுக்கு இழையில் வந்த 'சாம்பல் பூச்சு' என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. பூச்சு என்றால் பூசியவர் ஒருவர் இருக்க வேண்டும். அதோடு, சாம்பலைக் கரைத்துக் கலவையாக்கிக் கையால் பூசிச் சுடும் முறை ஒன்று தனியாகவே இருக்கிறது, அதற்குத்தான் 'சாம்பல் பூச்சு' பொருந்தும். தானாக வந்து படிந்து உருகியதற்கு என் முன்மொழிவு: சாம்பல் பூத்த மெருகு. சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோம், நீறு பூத்த நெருப்பு என்கிறோம். யாரும் செய்யாமல் மேலே வந்து படர்வதற்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது. பூசுவதும் பூப்பதும் ஒலியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வேறுபாட்டை நினைவில் வைக்கவும் உதவும்.

> பூத்தல் என்றால் துடைத்தால் போகும் பொடி என்ற எண்ணம் வராதா?

நல்ல கேள்வி. தனியாக 'சாம்பல்பூப்பு' என்று நிறுத்தினால் வரும். அதனால்தான் மெருகு என்ற சொல்லை விடாமல் வைத்திருக்கிறேன், கண்ணாடித்தன்மையை அது சொல்லிவிடுகிறது. இலங்கை நண்பர்கள் மினுக்கு என்று எழுதுவதானால் 'சாம்பல் பூத்த மினுக்கு' என்றே எழுதலாம்.

அடுத்தது கூம்பு, அதாவது சூளைக்குள் கலங்களோடு வைத்து, சூட்டில் இளகி வளைவதைப் பார்த்துச் சூளையின் நிலையை அறிய உதவுவது. 'வெப்பமானிக் கூம்பு' என்று பட்டியலில் ஏற்றியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1886-இல் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் உருவாக்கிய இந்தச் சிறு கூம்புகள் வெப்பநிலையை மட்டும் காட்டுவதில்லை. சூளையை மெல்ல ஏற்றினால் அதே எண்ணுள்ள கூம்பு சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே வளைந்துவிடும், விரட்டி ஏற்றினால் கூடுதல் சூடு கேட்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், இரண்டும் சேர்ந்து மண்ணுக்குள் என்ன செய்திருக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. ஆங்கிலத்தில் 'ஹீட் வொர்க்' என்கிறார்கள், அதற்கு 'வெப்ப வேலை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். சூளைக்காரர்களைக் கேளுங்கள்: "இந்தக் கல் வேகல, இது நல்லா வெந்துடுச்சு, வேக்காடு பத்தல" என்பார்கள். வேக்காடு! அரிசி வேகும்போது அடுப்பின் சூட்டை மட்டும் பார்த்துச் சோறு பதமா என்று சொல்லிவிட முடியாது, நேரமும் சேர வேண்டும், அதே பொருள்தான் இங்கேயும். ஆகவே 'ஹீட் வொர்க்' வேக்காடு, கூம்பு வேக்காட்டுக் கூம்பு. இந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை மடல் வேண்டுமானாலும் எழுதத் தயார், ஏனென்றால் நம் செங்கல் சூளைகளில் தினமும் புழங்குகிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவது அந்தத் தொழிலாளர்களின் அறிவையே தள்ளிவிடுவது.

வேக்காடு ஏன் இந்தக் கலையின் உயிர்நாடி என்பதற்கு ஜப்பானின் பிசென் என்ற மட்கல மரபு நல்ல எடுத்துக்காட்டு. ஒகயாமா மாவட்டத்தின் இம்பே பகுதியில், வயலுக்கடியில் தோண்டி எடுத்த இரும்புச் சத்துள்ள களிமண்ணில் வனைகிறார்கள். மெருகு எதுவும் பூசுவதில்லை. அந்த மண் அவசரப்பட்டால் வெடிக்கும், அதனால் செம்பைன் விறகு போட்டுப் பெரிய சூளைகளைப் பத்து நாளுக்கு மேலும் எரிப்பதுண்டு, இரவும் பகலும் ஆள் மாற்றி. மாதக்கணக்கில் வனைந்ததெல்லாம் ஒரே சூளையில் போகும். அந்தச் சூளை சரியில்லை என்றால் அந்தப் பருவத்தின் வருமானமும் சரியில்லை. கலைஞரின் வாழ்க்கையை எழுதும்போது இந்தப் பதற்றத்தை விட்டுவிட்டு விருதுகளை மட்டும் அடுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பிசென் வனைஞர் கனெஷிகே தோயோ 1956-இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவிக்கப்பட்டதை எழுதுகிறோம், சரி. மொமோயாமா காலத்துப் (பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலம்) பிசென் கலங்களின் தன்மையை மீட்க அவர் மண்ணோடும் தீயோடும் பட்ட பாட்டையும் எழுத வேண்டும்.

பிசென் கலங்களில் உள்ள தடங்களின் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம். கலத்தின்மேல் எள் தூவினாற்போல் சாம்பல் உருகி நிற்பது கோமா, அந்த ஜப்பானியச் சொல்லுக்கு எள் என்றே பொருள். கலங்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையில் வைக்கோல் சுற்றி வைத்ததில், வைக்கோலின் காரச்சத்து மண்ணிலுள்ள இரும்போடு வினைபுரிந்து விடும் செங்கோடு ஹிதாசுகி. இவை ஓர் ஊரின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும், அடைப்பில் விளக்கம் போதும்.

சூளை வகைகளுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் வேண்டும் என்பேன். கொரியா வழியாக ஐந்தாம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்த அனகாமா, சரிவில் ஒரே அறையாகச் சுரங்கம்போல் நீளும். அது குகைச்சூளை. நொபோரிகாமாவுக்கு 'ஏறுசூளை' என்று வந்திருந்தது, மோசமில்லை, ஆனால் அனகாமாவும் சரிவில் ஏறுவதுதான். நொபோரிகாமாவில் அறைகள் படிப்படியாக அடுக்கப்பட்டு, கீழறையின் அனல் மேலறைக்குப் போய், பிறகு ஒவ்வோர் அறைக்கும் பக்கவாட்டில் தனியாக விறகு ஊட்டப்படும். படிச்சூளை என்றால் இரண்டும் குழம்பாது.

'ரிடக்ஷன்' பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டுப் பாடநூல் ஒடுக்கம் என்கிறது, இலங்கை தாழ்த்தல் என்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்வோம், மூன்றாவது வேண்டாம். சூளையில் காற்றைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு மண்ணிலுள்ள இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும், சிவப்பு போய்ச் சாம்பல்நிறமோ கருமையோ வரும். இதை விளக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு சிவப்புப் பானையையே காட்டலாம். கவிழ்த்து வைத்ததில் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருத்து, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்திருக்கிறது.

> இதெல்லாம் ஜப்பான் விவகாரம், நமக்கு எதற்கு இத்தனை சொல்?

புதுச்சேரி ஜப்பானில் இல்லையே ஐயா. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா பிசெனில் பயின்றவர், ரே கட்டடக்கலையிலிருந்து மண்ணுக்கு வந்தவர். சவுக்கு விறகில் உயர்வெப்பச் சூளை வைத்தார்கள், அன்றாடம் புழங்கும் கலங்களைச் செய்து விற்றார்கள், அங்கே கற்றவர்கள் இன்று இந்தியாவின் பல ஊர்களில் சூளை கட்டியிருக்கிறார்கள். 1980-களில் ரே மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே தீமூட்டிச் சுட்டுப் பார்த்தார். இவ்வளவும் தமிழ் பேசும் தொழிலாளர்கள் விறகு பிளந்து, மண் மிதித்து, தீ பார்த்த இடத்தில் நடந்தது. அவர்கள் அந்தச் சூளையடியில் என்ன சொல் புழங்கினார்கள் என்று யாரும் தொகுத்து நான் பார்த்ததில்லை, அது என் பெரிய வருத்தம்.

'கலஞ்செய்கோ' என்ற முன்மொழிவு அழகானது. புறநானூறு 228-இல் குயவரை அப்படி அழைத்து, வானில் திரண்டெழும் சூளைப் புகையையும் பாடியிருக்கிறார்கள். ஆனால் நாளிதழில் ஒருவரை இப்படிக் குறிப்பிட்டால் வாசகர் தடுமாறுவார். கட்டுரைத் தலைப்பில் வனைஞர், உள்ளே ஓரிடத்தில் கலஞ்செய்கோ. சுடாத கலத்துக்கு மட்டும் குறளின் 'பசுமண் கலம்' தயக்கமின்றிப் பட்டியலில் ஏறட்டும், அதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. உருகிய சாம்பல் தட்டோடு ஒட்டிவிடாமல் கலத்துக்கு அடியில் வைக்கும் சிறு உருண்டைகளுக்கு 'அண்டை' சரியாக வருமா? அப்புறம், சூளையின் பக்கத்துளை வழியாக மெல்லிய விறகைச் செருகுவதற்கு என்ன சொல்? செங்கல் சூளை உள்ள ஊர்க்காரர்கள் இந்த வாரம் யாராவது நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சொன்ன உச்சரிப்பு மாறாமல் இங்கே எழுதினால் பட்டியலை அதற்குப் பிறகு மூடலாம்.

அன்புடன்.