கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே கிடைக்கும்?
வணக்கம். கோவையில் சின்ன எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டிங் கறுப்பை எடுக்க பிக்ளிங் பேஸ்ட் தடவுவோம். போன வாரம் பையன் போட்டிருந்த கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி நகத்துக்கடியில் குத்தல் தாங்காமல் துடித்துவிட்டான், விரல்நுனி வெளுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் காட்டி இப்போது தேவலை.

அப்புறம்தான் டப்பாவைப் படித்தேன். நைட்ரிக்கோடு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் இருக்கிறது. இந்த ஹைட்ரோஃப்ளோரிக் தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். கடையில் 'லேசான ஆசிட்தான்' என்று கொடுத்தார்கள்!

பட்டதும் தண்ணீரில் கழுவி, 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தேய்த்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். நாலு மெடிக்கலில் கேட்டாயிற்று, ஊசி மருந்துதான் இருக்கிறது. ஜெல் எங்கே வாங்குகிறீர்கள்? கையுறை நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) போதுமா? பேஸ்ட் கழுவிய தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.