"பாலெக் இந்தியா" (இந்தியாவுக்கே திரும்பிப் போ) என்று எழுதியவனுக்கு என்ன பதில்?

பிக்கப்காரன்:
2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது ஞாபகம் இருக்கும். பழைய பிக்கப்பில் காய்கறி ஏற்றிப் பிழைக்கிறவன் நான். அதிலிருந்து மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. போன வாரம் ஒரு அரசியல்வாதியின் பக்கத்தில், யாரையும் திட்டாமல், கணக்கோடு மலாயில் எழுதினேன். முதல் பதில்: "கெலிங், பாலெக் இந்தியா." கெலிங் என்பது இங்கே இந்தியர்களைத் திட்டும் சொல். அடுத்தது: "பெண்டாத்தாங்", அதாவது வந்தேறி. டீசலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் பாட்டி இங்கே தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவியவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் சாகும்வரை சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருக்குப்பையில் வைத்திருப்பார். வந்தேறி என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தச் சுருக்குப்பைதான் கண்முன் வந்தது. நானும் அவன் இனத்தைச் சொல்லி ஒரு வசை டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். என்ன செய்திருக்கவேண்டும்?

மலாக்கா அக்கா:
அழித்தது நல்லது தம்பி. பெயரும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா? தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். 1998 சட்டத்தில் 233ஆம் பிரிவு இதற்குத்தான். 2022 தேர்தல் முடிந்த கையோடு மே 13, அதாவது 1969 இனக்கலவரம், திரும்ப வரும் என்று மிரட்டி வீடியோக்கள் வந்தனவே, அப்போது நான் கொடுத்தேன்.

'கெலிங் வசைச்சொல்லே இல்லை, கலிங்கத்திலிருந்து வந்தது' என்று சொல்ல ஒருவன் வருவான். எங்கள் ஊரில் கம்போங் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, பினாங்கில் கப்பித்தான் கெலிங். பள்ளிவாசலின் பெயராக இருப்பது வேறு, டீசல் விலை கேட்டவன் முகத்தில் எறிவது வேறு.

ஈப்போ தம்பி:
அண்ணே, நான் சொல்வது கசக்கும். 2013 தேர்தலில் பங்ளாதேஷ்காரர்களை ஓட்டுப்போட இறக்குகிறார்கள் என்று வதந்தி ஓடியது. வரிசையில் கறுப்பாக நின்ற ஒருவரை மறித்து ஐசி காட்டச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் தமிழில் கேட்டார், "ஏன் தம்பி?" என்று. அதோடு அவர் கையில் குடிமக்களுக்கான நீல ஐசி. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. பங்ளாக்காரராகவே இருந்திருந்தாலும் அப்படி மறித்தது தப்புதான்.

பிக்கப்காரன்:
அக்கா, அந்தப் பதில்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. இப்போதுதான் படம் எடுத்தேன், இன்று ராத்திரி புகார் எழுதுகிறேன்.

தம்பி, நேற்று மச்சான் குடும்பக் குழுவில் ஒரு 'பங்ளா' வீடியோ போட்டார். அதற்கு நான் வைத்த சிரிப்பு எமோஜியை எடுத்துவிட்டேன். சரி, மச்சானிடமும் பேசவேண்டும்.